அராயா, ஷோயியா? இரண்டு இலட்சத்தை எண்ணிக் கொடுக்க முன் ஒரு கணக்கு

பெருநாள் விடுமுறையில் பொத்துவிலுக்குச் சென்றிருந்தபோது ஓர் இளைஞர் கேட்ட கேள்வியே இவ்வாரப் பத்திக்குக் காரணம். அவர் அறுகம்பையில் உல்லாசப் பயணிகளை நம்பித் தொழில் செய்பவர். கடந்த சீசனில் உழைத்ததில் இரண்டு இலட்சம் ரூபாவை ஒதுக்கி வைத்திருக்கிறார். கட்டாரிலுள்ள மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார்.

"காக்கா, மச்சானிட்டச் சொல்லி நல்ல ஹெல்மட் ஒண்டு எடுப்பிக்கப் போறன். அராய் திறமா, ஷோயி திறமா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் இன்னொரு ஹெல்மட் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவிக்காக வீதியோரக் கடையில் வாங்கியது. அதன் நாடியில் பூட்டும் கொக்கி உடைந்து, நாடாவை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு இலட்சம் ரூபாக் கேள்விக்கான பதிலில் பாதி அந்த முடிச்சில் இருந்தது. அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அவர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

இரண்டு கம்பனிகள்

அராய், ஷோயி இரண்டுமே ஜப்பானியக் கம்பனிகள். இரண்டும் தமது ஹெல்மட்டுகளை இன்றும் ஜப்பானிலேயே தயாரிக்கின்றன. அராய் கம்பனியை ஆரம்பித்த ஹிரோடகே அராய் தொப்பி செய்யும் தொழிலில் இருந்தவர். 1950களின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஹெல்மட் தயாரிப்பில் இறங்கினார். இன்றும் அது குடும்பக் கம்பனியாகவே நடக்கிறது. ஷோயி 1959இல் ஆரம்பிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் கடன் சுமையால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடி, பின்னர் மீண்டெழுந்த கம்பனி அது. உலகப் பந்தயத் திடல்களில் டானி பெட்ரோசா அணிந்தது அராய். மார்க் மார்க்கேஸ் அணிவது ஷோயி.

அன்றாடப் பாவனைக்கு இரு கம்பனிகளிலும் ஒப்பிடத்தக்கவை என்றால் அராயின் 'குவான்டிக்', ஷோயியின் 'என்.எக்ஸ்.ஆர். 2' ஆகியவற்றைச் சொல்லலாம். பின்னதே அமெரிக்காவில் 'ஆர்.எப். 1400' என்றும் ஜப்பானில் 'இசட் 8' என்றும் விற்கப்படுகிறது. இரண்டும் முகம் முழுவதையும் மூடுபவை. நிறை கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. வெளிநாட்டுச் சந்தையில் ஷோயி 500 டொலர் அளவிலும், அராய் 600 டொலரைத் தாண்டியும் விற்கப்படுகின்றன. டொலர் 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் முன்னது ஒன்றரை இலட்சம், பின்னது இரண்டு இலட்சத்தைத் தொடும். படமும் வர்ணமும் கூடிய வகைகளுக்கு இன்னும் கூடும். அந்த மேலதிகப் பணம் வர்ணத்துக்கு மட்டுமே போகிறது, தலைக்கு ஒன்றும் சேர்வதில்லை.

ஹெல்மட் உண்மையில் என்ன செய்கிறது?

ஹெல்மட்டின் பலம் வெளியே தெரியும் பளபளப்பான ஓட்டில் இருப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். உயிரைக் காப்பதில் பெரும் வேலை செய்வது உள்ளே இருக்கும், நாம் றெஜிபோம் என்று சொல்லும் வெள்ளைப் படையாகும். தலை தரையில் மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்கும் அந்தக் கணப்பொழுது மூளைக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழும்பாது. ஆகவே விபத்தொன்றில் அடிபட்ட ஹெல்மட், வெளியே ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், தனது வேலையை முடித்துவிட்டது.

ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு சுமார் 20 கிலோமீற்றர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. நின்ற இடத்தில் சரிந்து விழுந்தாலே இந்த நிலைதான். ஐரோப்பாவின் புதிய தரமான ஈ.சி.ஈ. 22.06 சோதனையில் ஹெல்மட்டை இரும்பில் மோதவிடும் ஆகக்கூடிய வேகம் செக்கனுக்கு 8.2 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். உலகின் விலைகூடிய ஹெல்மட்டும் இந்த அளவுக்கே சோதிக்கப்படுகிறது. "அராய் போட்டால் நூறில் போகலாம்" என்று நினைப்பவர்கள் இதை இருமுறை வாசிக்க வேண்டும்.

அராய்க்கு இங்கே ஒரு தனிக் கொள்கை உண்டு. அதன் ஓடு முட்டையைப் போல உருண்டையாக, மேடு பள்ளம் குறைவாக இருக்கும். வீதியிலோ கல்லிலோ பட்டால் கொளுவிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். இதனாலேயே வெயில் கண்ணாடியை ஓட்டினுள் இறக்கும் வசதியை அராய் தருவதில்லை. அதற்கு இடம் விட்டால் உள்ளிருக்கும் படையைக் குறைக்க நேரிடும் என்பது அவர்களின் வாதம். ஷோயி பல படைகளாலான இழை ஓட்டை வெவ்வேறு அளவுகளில் செய்து, சிறிய தலைக்குச் சிறிய ஓடு கிடைக்கச் செய்கிறது. 'ஜி.டி. எயார்' போன்ற வகைகளில் உள் வெயில் கண்ணாடியும் தருகிறது. இரு வழிகளும் சோதனையில் தேறியவையே.

விலையும் தரச்சான்றும்

அமெரிக்காவின் 'டொட்' முத்திரையைத் தயாரிப்பாளரே தனது பொறுப்பில் ஒட்டிக்கொள்கிறார். ஐரோப்பாவின் ஈ.சி.ஈ. சான்று சந்தைக்கு வரமுன் ஆய்வுகூடச் சோதனையில் தேற வேண்டியது. 2021 முதல் நடைமுறைக்கு வந்த 22.06, தலை சாய்வாக மோதி மூளை சுழற்சிக்குள்ளாவதையும் சோதிக்கிறது. பந்தய வீரர் ஒருவர் 1956இல் விபத்தில் இறந்ததை அடுத்து அவரது பெயரில் உருவான 'ஸ்னெல்' நிறுவனத்தின் சான்றும் உண்டு. இலங்கையில் ஹெல்மட்டுக்குரிய கட்டளை எஸ்.எல்.எஸ். 517 ஆகும்.

பிரித்தானிய அரசாங்கம் 2007இல் 'ஷார்ப்' என்ற திட்டத்தை ஆரம்பித்து, கடையில் வாங்கிய ஹெல்மட்டுகளைச் சோதித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கியது. விலை குறைந்த பல ஹெல்மட்டுகள் ஐந்து நட்சத்திரமும், விலைகூடிய சில அதற்குக் குறைவாகவும் பெற்றன. விலை இரண்டு மடங்கானால் பாதுகாப்பும் இரண்டு மடங்காகும் என்று எண்ணத் தேவையில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது.

அப்படியானால் ஒன்றரை இலட்சம் எதற்கு? ஓட்டின் தரம், காற்றோட்டம், தெளிவான கண்ணாடி, இரைச்சல் குறைவு, கழற்றிக் கழுவக்கூடிய மெத்தை, நீண்டகாலம் கிடைக்கும் உதிரிப்பாகம் ஆகியவற்றுக்கு. இவை பயனற்றவை அல்ல. ஆனால் இவற்றில் பலவற்றின் அருமை தெரிவது 100 கிலோமீற்றருக்கு மேல் மணிக்கணக்கில் ஓடும்போதுதான்.

நமது வீதியில் எது எடுபடும்?

பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில் ஊடாக 40 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். காலையில் கடற்பக்கச் சூரியன் வலக் கண்ணில் அடிக்கும். மாலையில் லகுகல, சியம்பலாண்டுவப் பக்கம் போனால் சூரியன் நேரே முகத்தில். இருட்டிய பின் அதே லகுகலக் காட்டு வீதியில் யானை நிற்கும், ஊருக்குள் மாடு படுத்திருக்கும். இவற்றோடு வெக்கை, கடல் உப்பு, மணல்.

இந்தப் பயணத்தில் காற்றின் இரைச்சல் பெரிய பிரச்சினை அல்ல. ஷோயியின் பேர்போன அமைதி இங்கே பாதிதான் பயன்படும். வெக்கைதான் பெரிய பிரச்சினை. காற்றோட்டத்தில் அராய்க்கு நல்ல பெயர் உண்டு. நெற்றிக்கு நேரே கண்ணாடியிலேயே காற்று வழிகள் இருக்கும். ஆனால் 40 கிலோமீற்றர் வேகத்தில் எந்த ஹெல்மட்டுக்குள்ளும் காற்று அவ்வளவாகப் பாயாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முன்கண்ணாடியைக் கழற்றி மாற்றுவதில் ஷோயி முந்துகிறது. பழகாத கைக்கும் சில நொடி வேலை. அராயில் பக்க மூடிகளையும் சேர்த்துக் கழற்றப் பழக வேண்டும். இது சின்ன விடயமல்ல. மணல் பட்ட கண்ணாடியை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டிய ஊர் நமது ஊர். கறுப்புக் கண்ணாடியோடு பகலில் போய் இரவில் திரும்புபவர் அதைத் தூக்கிவிட்டு ஓட்டுகிறார், பூச்சி கண்ணில் விழுகிறது. அல்லது இறக்கிவிட்டு ஓட்டுகிறார், மாடு தெரிவதில்லை. இரவில் வெள்ளைக் கண்ணாடியைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

முகம் மூடிய ஹெல்மட் வெக்கை என்று அரை ஹெல்மட்டுக்குப் போவோர் பலர். ஹெல்மட்டில் அடிபட்ட இடங்களை ஆராய்ந்த ஜேர்மனிய ஆய்வாளர் டீட்மார் ஒட்டேயின் கணக்கில், மூன்றில் ஒரு பங்கு அளவான அடிகள் நாடியும் முகமும் சார்ந்த பகுதியில் விழுந்திருந்தன. அரை ஹெல்மட் அந்த இடத்தைத் திறந்தே விடுகிறது. முகம் மூடிய ஹெல்மட்டைத் தடைசெய்ய 2015இல் பொலிஸார் முனைந்தபோது மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது நினைவிருக்கும். வங்கி, கடை, சோதனைச் சாவடி என்று எங்கு நின்றாலும் ஹெல்மட்டைக் கழற்றிவிட்டுப் பேசுவது நமக்கும் அடுத்தவருக்கும் நல்லது.

தீர்ப்புச் சொல்வது தலைதான்

அராயா ஷோயியா என்பதற்கு உண்மையான பதிலைச் சொல்வது வாங்குபவரின் மண்டையின் வடிவம். மேலிருந்து பார்த்தால் சிலருடைய தலை நீளவாட்டு முட்டை வடிவம், சிலருடையது உருண்டை, பெரும்பாலோருடையது இடைப்பட்டது. அராய் இந்த மூன்று வடிவங்களுக்கும் வெவ்வேறு வகைகளை அமெரிக்கச் சந்தைக்குச் செய்திருக்கிறது. ஷோயி பெரும்பாலும் இடைப்பட்ட தலைக்கே செய்கிறது. பொருந்தாத அராயை விடப் பொருந்தும் சாதாரண ஹெல்மட் மேல்.

பொருத்தம் பார்க்கும் விதம் எளிது. புருவத்துக்கு ஒரு விரல் மேலே தையற்காரரின் அளவு நாடாவைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். அந்த அளவு ஹெல்மட்டைப் போட்டு நாடாவைப் பூட்டி, பதினைந்து நிமிடமாவது தலையில் வைத்திருக்க வேண்டும். கன்னம் இறுகலாம், புதிய மெத்தை நாளடைவில் இளகும். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் குத்தி வலித்தால் வடிவம் பிழை, அது இளகாது. தலையை ஆட்டினால் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பின்னால் பிடித்து முன்பக்கம் தூக்கினால் கழன்று வரக்கூடாது.

இதை மச்சானின் தலையில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால்தான் அந்த இளைஞரிடம், கட்டாரிலிருந்து எடுப்பிப்பதை முதலில் நிறுத்தச் சொன்னேன். கொழும்புக்குப் போகும்போது கடையில் போட்டுப் பார்த்து, வகையும் அளவும் உறுதியான பின் யாரிடமும் சொல்லலாம்.

தொப்பியும் ஹிஜாபும்

நம்மவர்கள் தொழுகைத் தொப்பிக்கு மேலேயே ஹெல்மட்டைப் போடுகிறார்கள். விளிம்பு தடித்த தொப்பி ஹெல்மட்டைத் தலையிலிருந்து உயர்த்திவிடும். பொருத்தம் கெட்டு, விழும்போது ஹெல்மட் சுழலும். தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளியில் இறங்கியதும் போடுவதே சரி. மெல்லிய பருத்தித் தொப்பி கட்டாயம் வேண்டுமென்றால், வாங்கும்போதே அதைப் போட்டுக்கொண்டு அளவு பார்க்க வேண்டும்.

பெண்கள் ஹிஜாபுக்கு மேல் ஹெல்மட் அணியும்போது மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். உச்சியிலும் பின்னந்தலையிலும் துணியை மடித்துக் குவிக்கக்கூடாது. ஹெல்மட்டுக்குள் வரும் இடத்தில் குண்டூசியோ புரோச்சோ இருக்கக்கூடாது, அடிபடும்போது அது உள்ளேதான் போகும். நாடா தடித்த துணி மடிப்புகளின் மேல் தளர்ந்து நிற்காமல் நாடிக்குக் கீழே இறுக வேண்டும். அபாயா, ஹிஜாபின் நுனிகள் சில்லில் சிக்காமல் சொருகிக்கொள்வதும் இதோடு சேர்ந்ததே.

வாங்கிய பின் வரும் செலவு

ஜும்ஆவுக்குப் போகும்போது ஒன்றரை இலட்ச ரூபா ஹெல்மட்டை எங்கே வைப்பது? மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கவிட்டால் அதன் முனை உட்படையில் குழி விழுத்தும். ஆசனத்தில் வைத்தால் திரும்பி வரும்போது இருக்குமா என்ற கவலை தொழுகையிலும் தொடரும். கையில் கொண்டு போகத் தயாராக இருப்பவரே அந்த விலைக்கு வாங்கலாம்.

முன்கண்ணாடி ஒன்று 50 டொலருக்கு மேல். கீறல் விழும்போது அது இங்கே கிடைக்குமா, கொழும்பில் யாரிடம் கிடைக்கும் என்பதை வாங்கமுன் விசாரிக்க வேண்டும். இரு கம்பனிகளும் உத்தரவாதம் தருவது ஐந்து வருடங்களுக்கு, அதுவும் தயாரித்த நாளிலிருந்து ஏழு வருடங்களுக்கு மேற்படாமல். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் ஒன்றரை இலட்சம் என்பது மாதம் 2,500 ரூபா.

போலிகளும் உண்டு. பத்தாயிரம் ரூபாவுக்கு அராய் கிடைக்காது. நாடாவில் தைத்த ஈ.சி.ஈ. துண்டு, உள்ளே தயாரித்த திகதி, நாடாவில் இரட்டை உலோக வளையம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பாவித்த ஜப்பான் ஹெல்மட் மலிவாக விற்கப்படுவதைக் கண்டு மயங்க வேண்டாம். அது எத்தனை வருடம் பழையது, எத்தனை முறை விழுந்தது என்று விற்பவருக்கும் தெரியாது.

அந்த முடிச்சுக்கு வருவோம்

ஹெல்மட் அணிவதால் மோட்டார் சைக்கிள் விபத்தில் மரணிக்கும் ஆபத்து சுமார் 42 சதவீதமும், தலையில் காயமேற்படும் ஆபத்து சுமார் 69 சதவீதமும் குறைவதாக மருத்துவ ஆய்வுகளின் தொகுப்பொன்று 2008இல் காட்டியது. இந்தப் பெரும் பாய்ச்சல், ஹெல்மட் இல்லாத தலைக்கும் தரமான ஹெல்மட் பூட்டிய தலைக்கும் இடையில் நிகழ்வது. நல்ல ஹெல்மட்டுக்கும் மிக நல்ல ஹெல்மட்டுக்கும் இடையில் இருப்பது அதைவிட மிகச் சிறிய தூரம்.

நாடா பூட்டாத ஹெல்மட் முதல் அடியிலேயே கழன்று போகும். ஆகவே அந்த இளைஞரின் மோட்டார் சைக்கிளில் இரண்டு தலைகள் போகின்றன, ஒன்றுக்கு ஹெல்மட்டே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். அவரோடு இருந்து கணக்குப் போட்டோம்.

அராய் ஒன்று வாங்கினால் இரண்டு இலட்சமும் முடியும், முடிச்சு அப்படியே இருக்கும். ஷோயி ஒன்று வாங்கினால் 50 ஆயிரம் மிஞ்சும், அதில் மனைவிக்கு நல்லதொன்று வாங்கலாம். மூன்றாவது வழி, ஈ.சி.ஈ. 22.06 சான்றுடன் 100 முதல் 150 டொலருக்குள் வரும் நடுத்தர ஹெல்மட்டுகள். ஸ்பெயினின் எம்.டி., சீனாவின் எல்.எஸ். 2, இந்தியாவின் எஸ்.எம்.கே. போன்ற கம்பனிகளில் இத்தகைய வகைகள் உண்டு. கூடினால் 45 ஆயிரம் ரூபா வீதம் இரண்டுக்கும் 90 ஆயிரம். மிச்சம் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். நாளை பிள்ளை வளர்ந்து பின்னால் ஏறும்போது அதன் தலைக்கேற்ற சிறிய ஹெல்மட்டுக்கும் அதில் இடமிருக்கிறது. பெரியவரின் ஹெல்மட்டைப் பிள்ளைக்குக் கவிழ்ப்பது பாதுகாப்பாகாது.

தினமும் தனியாக நீண்டதூரம் ஓடுபவர், பணமும் உள்ளவர், வீட்டில் மற்றவர்களின் தலைக்கும் ஏற்கனவே வழி செய்தவர் என்றால் அராயோ ஷோயியோ தாராளமாக வாங்கலாம். இரண்டையும் போட்டுப் பார்த்து நெற்றி வலிக்காததை எடுக்கட்டும். இரண்டுமே பொருந்தினால், கண்ணாடி மாற்றும் வசதிக்கும் விலைக்கும் எனது தெரிவு ஷோயி. ஷோயி நெற்றியில் குத்தினால் யோசிக்காமல் அராய்.

இளைஞர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கண்ணாடியில் தொங்கிய ஹெல்மட்டை எடுத்து அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். உப்புக் காற்றில் இறுகி அது அவிழவில்லை. "முதல்ல இதுக்கு ஒரு வழி பாப்பம் காக்கா" என்றார். வாசகர்களும் இன்று வாசலில் நிற்கும் தமது மோட்டார் சைக்கிளின் பின் ஆசனத்து ஹெல்மட்டை ஒருமுறை கையிலெடுத்து, அதன் கொக்கியைப் பூட்டிப் பார்க்கட்டும்.